எந்த ரீல்ல கெட்டவன்?

"தம்பி, இதுல நான் எந்த ரீல்ல கெட்டவன் ஆகுறேன்?"

டப்பிங் ஸ்டூடியோவில் எனக்கு அது முதல் நாள். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் என்கிற மிதப்பில், யாரும் கேட்காமலே சான்றிதழ் ஃபைலைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். வெளிநாட்டுப் படங்களுக்குத் தமிழில் வசனம் எழுதும் வேலை. கேட்டவருக்கு ஐம்பது வயதிருக்கும்; கையில் வெந்நீர் ஃபிளாஸ்க். கையிலிருந்த வசனத் தாளைப் புரட்டி, ஏழாவது ரீல் என்றேன். "அதானே, ஆறு ரீலுக்கு நல்லவன்" என்றபடி மைக் அறைக்குள் போனார்.

ஸ்டூடியோவில் அவருக்குப் பெயரே 'நல்லவர்'தான். பெரிய படங்களில் கதாநாயகனைத் தட்டிக்கொடுத்துத் தூக்கிவிடும் டாக்டரோ விஞ்ஞானியோ மாமாவோ ஒருவர் இருப்பார். கடைசியில் அத்தனை கொலைக்கும் சூத்திரதாரி அவர்தான் என்று தெரியும். இருபது வருடமாக அந்த ஆட்களுக்கெல்லாம் குரல் இவருடையது. முதல் பாதியில் வெல்லப்பாகு, பிற்பாதியில் அரம்.

அதுவே வினையாயிற்று. நான் எழுதிய முதல் படத்தில் அந்த அன்பான டாக்டர் "சாப்டியாப்பா?" என்று கேட்டதுதான் தாமதம், "இவன்தான்டா கொலைகாரன்" என்று தியேட்டரின் பின்வரிசையில் ஒருவன் கத்தினான். படம் தொடங்கிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஊரெல்லாம் இதே கதை. படத்தை வாங்கிய கம்பெனி கொதித்துப்போனது.

டப்பிங் இயக்குநர் பட்டென்று பேசுகிற பெண்மணி. "அண்ணே, அடுத்த படத்தை முன்னாடியே இருபது பேருக்குப் போட்டுக் காட்டப் போறோம். இடைவேளையில ஆளுக்கொரு சீட்டு குடுப்போம், வில்லன் யாருன்னு எழுதணும். பாதிக்கு மேல உங்க ஆளை எழுதிட்டா, கம்பெனி வேற குரல் பாத்துக்கும். என் கையில ஒண்ணுமில்ல."

அந்தப் படத்தில் அவருக்கு, வழக்கம்போலக் கடைசியில் வில்லனாகும் ஒரு பேராசிரியர் வேடம். பேருந்திலும் கடையிலும் வேறு வேறு குரலில் பேசிப் பழகினார். அவர் மனைவி எனக்கு ஃபோன் செய்தார். "தம்பி, உங்க அண்ணன் ரெண்டு நாளா மூக்காலயே பேசுறார். சளின்னு நெனச்சு ஆவி பிடிக்க வெச்சேன். அதுக்கும் மூக்காலயே திட்டுறார்."

"வேஷத்துக்காகத்தான் அண்ணி" என்றேன். விஷயத்தைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

காட்சியன்று அரங்குக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். ஃபிளாஸ்க் மூடியைத் திருகுவதும் திறப்பதுமாக இருந்தார். ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. "எனக்கு வேற எதுவும் தெரியாதுப்பா. இந்தத் தொண்டை ஒண்ணுதான்."

இடைவேளையில் சீட்டுகள் வந்தன. இருபதில் பதினேழு சீட்டில் 'பேராசிரியர்'. ஒன்றில், 'மூக்கால பேசி ஏமாத்தப் பாக்குறாரு' என்றே எழுதியிருந்தது.

இயக்குநர் சீட்டுகளை மேசைமேல் வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்க்காமல் நின்றார். நல்லவர் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். பிறகு, "மேடம், படத்துல வர்ற அந்தக் கிழட்டுக் காவலாளி கடைசி வரைக்கும் நல்லவன்தானே?" என்றார், சொந்தக் குரலில்.

"ஆமா."

"அவனை எங்கிட்ட குடுங்க. பேராசிரியருக்கு யாரையாவது போடுங்க. எப்படியும் என்னையத்தான் சந்தேகப்படப் போறாங்க, பட்டுட்டுப் போகட்டும்."

மூன்றே நாளில் இரண்டு குரலையும் மாற்றிப் பதிவு செய்தோம். வேறு இருபது பேர், அதே பெஞ்ச், அதே ஃபிளாஸ்க். இந்த முறை பதினைந்து சீட்டில் 'காவலாளி'. பேராசிரியரை எழுதியவர் ஒரே ஒருவர். இயக்குநர் வாய்விட்டுச் சிரித்தார். நல்லவர் மட்டும் சீட்டுகளை இரண்டு தடவை எண்ணினார். "பாவம், ஒரு ஈ எறும்புக்குக்கூடத் துரோகம் நெனைக்காத மனுஷன்பா அந்தக் காவலாளி" என்றார்.

இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. இப்போது அதே ஸ்டூடியோவில், கடைசி வரை நல்லவர்களாகவே இருக்கும் ஆட்களுக்கு மட்டும் அவர் பேசுகிறார். போன வாரம் ஒரு கப்பல் சமையல்காரர். மைக் முன் நிற்பதற்குமுன் இன்றைக்கும் என்னிடம் வந்து, "எட்டு ரீலும் நல்லவன்தானே தம்பி?" என்று கேட்டுவிட்டுத்தான் போகிறார்.