மூன்று மாப்பிள்ளைகளும் ஒரு சிவப்பு ஜாக்கெட்டும்

அடுத்தவன் தலைமுடி ஒட்டிய சோப்பைப் பார்த்துவிட்டால் பசுபதிக்கு அன்றைக்கெல்லாம் சோறு இறங்காது. கோயம்புத்தூர் ஹாஸ்டலில் ஒரே அறையில் ஐந்து பேரோடு படிப்பு முடியும்வரை கிடந்தவன். இவன் துண்டில் ஒருத்தன் முகம் துடைப்பான், இவன் டம்ளரில் இன்னொருத்தன் வாய் வைத்துக் குடிப்பான், கேட்டால் "நாம என்ன வேத்தாளாடா?" என்று தோளில் கை போடுவான். போட்ட கையிலும் வேர்வை இருக்கும். அங்கே சேர்ந்த அருவருப்பை அப்படியே மூட்டை கட்டிக்கொண்டுதான் அமெரிக்காவுக்கு விமானம் ஏறினான். பிளெய்ன்ஸ்பரோ என்ற ஊரில் மருந்துக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்தது. தனி அபார்ட்மென்ட், தனிக் குளியலறை, தன் சோப்பு. ஆய்வுக்கூடத்தில் எதைத் தொட்டாலும் கை கழுவ வேண்டும் என்று சட்டமே இருந்தது. இப்படி ஒரு வேலைக்குச் சம்பளமும் கொடுக்கிறார்களே என்று அவனுக்கு ஆச்சரியம்.

மலை ஏறுகிற பைத்தியம் பிடித்ததும் இந்தக் குணத்தால்தான். கூட வேலை பார்த்த டேவ் என்ற அமெரிக்கன் எண்பத்து மூன்றாம் வருஷக் குளிர்காலத்தில் அவனை நியூ ஹாம்ப்ஷயருக்கு அழைத்துப் போனான். முதல் நாள் பனியில் சறுக்க ஸ்கீ கட்டிக்கொண்டு விழுந்து விழுந்து இடுப்பு கழன்றது. மறுநாள் மலை. மேலே போகப் போக மரங்கள் நின்றுபோயின, சத்தம் நின்றுபோயிற்று, வாடை என்று ஒன்று இல்லவே இல்லை. யாரும் மிதிக்காத, யாரும் காறித் துப்பாத இடம் ஒன்று பூமியில் இருக்கிறது என்று அன்றுதான் அவனுக்குத் தெரிந்தது. சந்தோஷத்தில் அழுதுவிட்டான்.

அழுகையைக் கெடுத்தது அவன் போட்டிருந்த பிளாஸ்டிக் ரெயின்கோட். வெளியே பனி ஒரு பொட்டு உள்ளே வரவில்லை, உண்மை. ஆனால் உள்ளே ஊறிய வேர்வை வெளியே போக வழியில்லை. சட்டை சொட்டச் சொட்ட நனைந்து, நின்ற இடத்தில் விறைத்து, பல் கிட்டிப் போயிற்று. தன் நாற்றம் தன் மூக்கிலேயே ஏறியபோது பசுபதி ஒரு முடிவுக்கு வந்தான்.

அதிலிருந்து ஜாக்கெட் தேடும் படலம். பெண் பார்க்கிற மாமியார்கள்கூட அவனிடம் பிச்சை வாங்க வேண்டும். கையைத் தூக்கினால் இடுப்பு தெரியக் கூடாது. தலையை மூடும் ஹூட் தொப்பிக்கு மேலே வர வேண்டும், தலையைத் திருப்பினால் தானும் திரும்ப வேண்டும். தடித்த கையுறையோடு ஜிப்பை இழுக்க முடிய வேண்டும். முதுகுப்பையின் இடுப்புவார் மறைக்காத உயரத்தில் பாக்கெட்டுகள் இருக்க வேண்டும். தையலில் ஊசி போன ஓட்டைகளின்மேல் உள்பக்கம் பட்டை ஒட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் என்ன விலை கொடுத்தாலும் அது சல்லடைதான். அக்குளில் காற்றுக்கு ஒரு ஜிப். எல்லாவற்றுக்கும் மேலாக, துணி தண்ணீரை உள்ளே விடாமல் வேர்வையை மட்டும் வெளியே விட வேண்டும். பாட்டிலில் தண்ணீர் கொண்டுபோய்க் கைப்பகுதியில் ஊற்றிப் பார்ப்பான். மன்ஹாட்டனில் ஒரு கடையில் அவனை மரியாதையாக வாசல் வரை கொண்டுவந்து விட்டார்கள்.

அடுத்த குளிர்காலத்துக்குள் ஒரு சிவப்பு ஜாக்கெட் வந்து சேர்ந்தது. அதைத் தொட்டுப் பார்த்த முதல் வெளியாள் கீழ்வீட்டுச் சந்தானம்.

"என்னடா, உள்ள பஞ்சே இல்லை! சட்டை மாதிரி இருக்கு. இதுக்கா இவ்ளோ டாலர்?"

"சூட்டுக்கு உள்ள ஸ்வெட்டர் போட்டுக்கணும். இது வெறும் மேல் ஓடு. வேர்வை எல்லாம் வெளிய போயிடும்."

"வேர்வை போயிடுமா? அப்ப நான் ஒரு நாள் போட்டுப் பாக்கறேன்."

பசுபதி ஜாக்கெட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. விமான நிலையத்திலிருந்து அவனைக் கூட்டிவந்தவன் சந்தானம். டிரைவிங் கற்றுக்கொடுத்தவன் சந்தானம். ரோடு டெஸ்டுக்குத் தன் காரையே கொடுத்தவனும் சந்தானம். நல்லவன்தான். ஆனால் தலையில் தேங்காய் எண்ணெய் வழிய வழியத் திரிவான், மூக்கு ஒழுகினால் கைக்குட்டை தேட மாட்டான். நல்லவர்களுக்கு ஏன் இப்படிப்பட்ட மூக்கைக் கடவுள் வைத்தாரோ தெரியவில்லை.

பசுபதிக்கு அப்போது ஒரே ஓர் ஆசை இருந்தது. அந்த மலைக்குக் கூட வர ஒரு பெண் வேண்டும். உச்சியில் நிற்கும்போது "பாத்தியா?" என்று தமிழில் கேட்க ஓர் ஆள் இல்லாத குறை அவனை அரித்தது. கும்பகோணத்துக்குப் போன் போட்டு, "மலை ஏறுற பொண்ணா பாரும்மா" என்றான்.

"திருப்பதி ஏறுவா, பழனி ஏறுவா. அது போதும்டா" என்றாள் அம்மா.

மலை உச்சியில் டேவ் எடுத்த போட்டோவை அனுப்பினான். ஹூட், கண்ணை மறைக்கும் கண்ணாடி, நடுவில் சிவந்த மூக்கு. "இது யாரு, வழிப்பறிக்காரனா? மூஞ்சி தெரியற படமா அனுப்பு" என்று அம்மா திட்டினாள். அவசரத்துக்கு எந்த மலைக்குப் போவது? பலசரக்குக் கடை பார்க்கிங் லாட்டின் கோடியில், பனி வாரும் வண்டி தள்ளிக் குவித்திருந்த குவியல் ஓர் ஆள் உயரம் இருந்தது. அதன்மேல் பசுபதியை ஏற்றிச் சந்தானம் படம் எடுத்தான். கேமரா வழியாகப் பார்த்த சந்தானம் அசந்துபோனான். கடையும் தெரியவில்லை, காரும் தெரியவில்லை. சாட்சாத் இமயமலை.

"டேய், ஒரு ரெண்டு நிமிஷம் கழட்டிக் குடு. எனக்கும் ஒண்ணு எடுத்துடு. எங்க அப்பாவும் போட்டோ போட்டோன்னு பிராணனை வாங்கறார்."

அன்று கழற்றியதுதான். சந்தானத்தின் படம் பிரமாதமாக வந்தது என்று கேள்விப்பட்டு பக்கத்து ஊரான ஈஸ்ட் பிரன்ஸ்விக்கிலிருந்து சுவாமிநாதன் என்ற கம்ப்யூட்டர்காரன் ஒருவன் வந்து, அதே குவியலில் நின்று படம் எடுக்க இரவல் வாங்கிப்போனான். உடம்பில் ஒரு மணி நேரம் மாட்ட வேண்டிய ஜாக்கெட் அவன் வீட்டில் ஒரு மாதம் தங்கியது. இந்த மாப்பிள்ளைகளின் யோக்கியதையைப் பாருங்கள். ஏறியது குப்பைப் பனி. அதில் நாய் மூத்திரம் மஞ்சளாகக் கோடு போட்டிருக்கும். அதன்மேல் இரவல் சட்டையில் இடுப்பில் கை வைத்து நின்று, "பையனுக்கு மவுன்டனியரிங் பழக்கம் உண்டு" என்று ஊருக்கு எழுதினார்கள். த்தூ! ஊரிலும் அதை நம்பிப் பெண் வீட்டாருக்குக் காட்டினார்கள்.

ஜாக்கெட் திரும்பி வந்த கோலத்தைச் சொன்னால் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் எழுந்துவிடுவார்கள். காலரைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு, விரலால் வழித்து எடுக்கலாம். மார்பில் ஊறுகாய்க் கறை. பாக்கெட்டில் மென்று துப்பிய பாக்கைக் காகிதத்தில் சுருட்டி வைத்திருந்தான் சுவாமிநாதன். வலது கைநுனியில் காய்ந்து பளபளத்தது என்னவென்று பசுபதி ஆராயவில்லை. பாறையில் கிழிந்து அவனே கறுப்புத் துண்டு ஒட்டிய இடது முழங்கை ஒன்றுதான் அவனுடையதாக மிச்சம் இருந்தது. அடுத்தவன் வேர்வை தன்மேல் படக்கூடாது என்று ஊரெல்லாம் அலைந்து பொறுக்கி எடுத்த சட்டை!

பசுபதி ஜாக்கெட்டை இரண்டு விரல் நுனியில் தூக்கிக்கொண்டு கீழே போய்ச் சந்தானத்தின் சோபாவில் எறிந்தான்.

"நீயே வெச்சுக்கோ. இனிமே இது என்னோடதுன்னு யார்கிட்டயும் மூச்சு விடாதே."

"ஏன்டா கோச்சுக்கறே? துவைச்சா சரியாப் போயிடும்."

"துவைச்சா கறை போகும். எச்சில் போகுமா?"

இலவசமாக வந்ததை யார் விடுவார்கள்? சந்தானம் ஜாக்கெட்டை எடுத்துக் கதவுக்குப் பின்னால் மாட்டினான்.

மறுமாதம் ஹூஸ்டனிலிருந்து டாக்டர் பாலசுப்ரமணியன் வந்தார். ஏதோ மாநாட்டுக்கு வந்தவர், தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்கும் வேலையையும் சேர்த்து வைத்திருந்தார். தங்கை விசாலாக்ஷி மேற்குக் கடற்கரையில் பே ஏரியாவில் எம்.எஸ். முடித்து வேலையில் இருந்தாள். சந்தானத்தின் வீட்டில் காபி, பஜ்ஜி. பசுபதியையும் சுவாமிநாதனையும்கூட அங்கேயே வரச் சொல்லியிருந்தார். ஏன் என்று ஒருவருக்கும் புரியவில்லை. பஜ்ஜித் தட்டை நகர்த்திவிட்டு அவர் மூன்று போட்டோக்களை மேஜையில் வரிசையாக வைத்தபோது புரிந்தது. மூன்று முகம், ஒரே சிவப்பு ஜாக்கெட், ஒரே முழங்கையில் ஒரே கறுப்புத் துண்டு, காலடியில் ஒரே குவியல்.

"மூணு பேரும் ஒரே மலை ஏறியிருக்கீங்க போல இருக்கு" என்றார்.

சுவாமிநாதன் பஜ்ஜியை விழுங்கத் தெரியாமல் திணறினான்.

"நான் கிழிச்சுப் போட்டிருப்பேன். என் தங்கைதான் தடுத்தா. அவ வின்டர் பூரா டேஹோ பக்கம் பனிமலைல ஸ்கீ பண்றவ, மலையும் ஏறுவா. 'அண்ணா, இந்த ஜாக்கெட் ஃபேஷனுக்கு வாங்கினது இல்லை. விஷயம் தெரிஞ்சவன்தான் இதைத் தேடி எடுத்திருக்கணும். இது யாரோடதோ அந்த ஒருத்தரோட மட்டும் நான் பேசறேன்'னு சொல்லிட்டா. அதனால நேராவே கேக்கறேன். ஜாக்கெட் யாரோடது?"

பசுபதி நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டான். இப்படி ஒருத்தி இருக்கிறாளா? அவன் வாய் திறப்பதற்குள், "என்னோடதுதான் சார்" என்றான் சந்தானம். கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்ததை எடுத்தும் வந்துவிட்டான். அது பொய்யும் இல்லை என்பதுதான் கொடுமை.

"போட்டுக் காட்டுங்க" என்று டாக்டர் பையிலிருந்து உடனே படம் தரும் போலராய்டு கேமராவை எடுத்தார். சந்தானம் போட்டுக்கொண்டான். தொந்தி இடித்து ஜிப் பாதியில் நின்றது, கை விரல்வரை தொங்கியது. டாக்டரின் முகம் சுருங்கியது. திரும்பிப் பசுபதியை மேலும் கீழும் அளந்தார்.

"உங்களுக்குத்தான் அளவெடுத்த மாதிரி இருக்கும்னு தோணுது. நீங்க போடுங்க பாப்போம்."

சந்தானம் கழற்றி நீட்டினான். அவன் முகத்தில் ஒரு கெஞ்சல் இருந்தது, கூடவே ஒரு நிம்மதியும் இருந்தது. உண்மை வெளியே வந்தாலும் வரட்டும் என்பதுபோல. ஒரு கையை நுழைத்தால் போதும். பசுபதி கையை நீட்டினான். துணியில் சந்தானத்தின் உடம்புச் சூடு இன்னும் இருந்தது. காலர் விளக்கு வெளிச்சத்தில் பளபளத்தது. எண்ணெய்யும் வேர்வையும் பஜ்ஜியும் கலந்த வாடை மூக்கில் குப்பென்று அடித்தது.

"சீ!" என்று கை தானாகப் பின்னால் வந்துவிட்டது. "வேண்டாம் சார். மத்தவங்க போட்டதை நான் போடறதில்லை."

டாக்டர் தலையை ஆட்டினார். அவருக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது. தன் சட்டையைப் பார்த்து எவன் இப்படிச் சொல்வான்?

'அப்படி இல்லை சார், கேளுங்க' என்று ஆரம்பித்திருக்கலாம். ஆனால் பசுபதியின் விரல் நுனியில் அந்தப் பிசுக்கு ஒட்டிவிட்டிருந்தது. அது இருக்கும்வரை அவனால் வேறெதையும் நினைக்க முடியாது. எழுந்து குளியலறைக்குப் போய் சோப்புப் போட்டுத் தேய்த்தான், மறுபடி தேய்த்தான். அவன் வெளியே வந்தபோது டாக்டர் சந்தானத்திடம் தங்கையின் போன் நம்பரைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

எண்பத்தாறு ஜனவரியில் கல்யாணம் ஆகி விசாலாக்ஷி பிளெய்ன்ஸ்பரோவுக்கே வந்துவிட்டாள். பசுபதி மாடிப்படியில் அவளைக் கண்டால் குனிந்துகொண்டே போய்விடுவான். புதிதாக ஒரு நீல ஜாக்கெட் வாங்கியிருந்தான். அதை ஒரு கடையில் ஒரே மதியத்தில் வாங்கினான், தண்ணீர்கூட ஊற்றிப் பார்க்கவில்லை.

அந்த வருஷக் கடைசியில் டேவோடு வெர்மான்ட் போனபோது, மேலேயிருந்து ஒரு சிவப்பு ஜாக்கெட் இறங்கி வருவதைப் பார்த்தான். யாரோ ஒரு பெண், பனியில் கோடு கிழித்தாற்போல வளைந்து வளைந்து வந்து அவன் பக்கத்தில் நின்று கண்ணாடியைத் தூக்கினாள்.

"நீங்க மேல்வீட்டு பசுபதிதானே? நீங்க ஸ்கீ பண்ணுவீங்களா? இவர் சொல்லவே இல்லை."

"சந்தானம் எங்க?"

"கீழ கேஃபடீரியால. முழங்கால் வலிக்குதாம். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து வலிக்குது." அவள் சிரிக்கவில்லை. கையைத் தூக்கி அக்குள் ஜிப்பைக் காட்டினாள். "இது எதுக்குன்னு என்னையே கேக்கறார். இந்த ஹூட், இந்தப் பாக்கெட், ஒவ்வொண்ணும் யாரோ யோசிச்சு யோசிச்சுப் பாத்து எடுத்தது. எந்தக் கடைன்னு கேட்டாக்கூட அவருக்குச் சொல்லத் தெரியலை."

பசுபதியின் கண் அவளுடைய காலரில் போய் நின்றிருந்தது. அங்கே ஒன்றுமே இல்லை. கடையில் கண்ணாடி முன்னால் நின்றபோது இருந்த அதே சிவப்பு.

"அதுல காலரைச் சுத்திக் கறை இருந்ததே?" என்று கேட்டுவிட்டான்.

விசாலாக்ஷி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பார்வை அவன் தோளில் கொஞ்சம் நின்றது, கையின் நீளத்தில் கொஞ்சம் நின்றது. அவளுக்குப் புரிந்துவிட்டது என்று பசுபதிக்கும் புரிந்தது.

"இருந்தது" என்றாள். "சோப்புப் போட்டு ஒரே ஒரு தடவை துவைச்சேன். போயிடுச்சு."

பிறகு கண்ணாடியை இறக்கிக்கொண்டு, கணவன் இருந்த கேஃபடீரியா பக்கம் கீழே போனாள்.