விரிசல் போட்ட சாஸர்

தொண்ணூறுகளின் கடைசியில், கோவில்பட்டியில் எங்கள் பாத்திரக்கடை மாடியில் அந்தப் பெண் குடியிருந்தார். டிசைன் படித்துவிட்டு ஊர் திரும்பியவர். வெள்ளைப் பீங்கான் கோப்பைகளில் வண்ணம் தீட்டிச் சின்ன மின்சூளையில் சுடுவார். கத்தரித்த முடி, அப்பாவின் பழைய சட்டை, நகமெல்லாம் நீலம். யார் டீ கொடுத்தாலும் கோப்பையைத் தூக்கி அடிப்பக்கம் பார்ப்பார். எங்கள் சோபாவில் அதனால் ஒரு கறை உண்டு.

தீப்பெட்டி ஆபீஸ் அண்ணாச்சி ஒருவர், மகள் நிச்சயத்துக்குத் தங்க விளிம்பும் ரோஜாப்பூவும் போட்ட டீ செட் அவரிடம் கேட்டார். நிச்சயத்தன்று காலை வந்த செட்டில் விளிம்பு அப்படியே இருந்தது. ரோஜாவுக்குப் பதில், சாஸர் முழுக்கக் கோடைக் கரிசலின் வெடிப்புகள். கோப்பைக்குள் கம்புப் பயிரின் பச்சை.

"நல்ல காரியத்துல விரிசல் விட்ட தட்டையா வைக்கச் சொல்லுத?" என்று அண்ணாச்சி கத்தினார்.

"மாப்பிள வீட்டுக்காரவிய முகம் சுழிச்சா துட்டே வேண்டாம் அண்ணாச்சி."

வேறு செட் வாங்க நேரமில்லை. முணுமுணுத்தபடி எடுத்துப் போனார்.

நிச்சயத்துக்கு நானும் போயிருந்தேன். மாப்பிள்ளையின் அப்பா நாகலாபுரத்தில் விவசாயம் பார்க்கும் சம்சாரி. சாஸரை விரலால் தடவிப் பார்த்தவர், "ஏ, இது நம்ம கரிசக்காடுல்லா! மழைக்கு முந்தி இப்படித்தான வெடிச்சுக் கெடக்கும்!" என்று சிரித்தார். சாஸர் கைமாறிக் கூடம் முழுக்கச் சுற்றியது. அண்ணாச்சி நெஞ்சை நிமிர்த்தி, "நாந்தான் இப்படிப் போடச் சொன்னேன்" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாயங்காலமே மாடியேறிச் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"சொல்லிட்டுப் போட்டும்க்கா. காலையில வேண்டாம்னாவ, இப்ப சொந்தம் கொண்டாடுதாவ. வேற என்ன வேணும்?"

என் குழம்பை நாத்தனார் வைத்ததாக யாராவது சொன்னாலே எனக்குத் தூக்கம் வராது. அவருக்கு எப்படி அந்தச் சிரிப்பு வந்தது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.