பாலத்துக்கு இந்தப் பக்கம்

மூவுலகிலும் வாளெடுத்தவர்கள் எத்தனையோ பேர். ஆனால் நூற்று நாற்பத்து மூன்று மணி நேரம் வாளோடு சுற்றி, ஒரு கொசுவின் இறக்கையைக்கூடக் கசக்காமல் ஒரு ராஜ்யத்தையே மீட்டுக் கொடுத்த மாவீரர் ஒருவர்தான். அவர் பெரிய காஞ்சிபுரத்தில், எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கிறார். இந்த நிமிஷம் அவர், மானிட்டர் மேல் உட்கார்ந்த ஈயைக் கல்யாணப் பத்திரிகையின் ஓரத்தால் நைசாகத் தள்ளி, ஜன்னலுக்கு வழி காட்டிக்கொண்டிருக்கிறார்.

"போப்பா, போ. அந்தாண்ட வெளிச்சமா இருக்குது பாரு."

பெயர் ஸ்ரீபாலன். வயது முப்பத்து நான்கு. மாகறலுக்குப் பக்கத்தில் நிலம் உள்ள ஜைனக் குடும்பம். தொழில், பட்டுப்புடவைக் கரைக்குக் கம்ப்யூட்டரில் கிராஃப் போடுவது. திரை முழுக்கச் சின்னச் சின்னக் கட்டம், ஒரு கட்டம் என்றால் ஒரு இழை. மாங்காய், அன்னம், யானை என்று எது கேட்டாலும் சளைக்காமல் போடுவார். வேட்டைக் கரை கேட்டால் மட்டும் முகம் சுருங்கும். அதில் மான் முன்னால் ஓடும், பின்னால் குதிரையில் வில்லோடு ஓர் ஆள் வருவான். இவர் போட்டுக் கொடுத்ததில் மானும் ஓடியது, குதிரையும் ஓடியது. ஆளைக் காணோம்.

"இன்னா ஸ்ரீபாலா, ஆளு எங்க?" என்றார் கடைக்காரர்.

"எறங்கி டீ குடிக்கப் போயிருக்கான்."

அந்தப் புடவை நன்றாகவே விற்றதாகக் கேள்வி.

பொழுது சாய்ந்தபின் அவர்கள் வீட்டில் யாரும் சாப்பிடுவதில்லை. ஐந்தரைக்கெல்லாம் அவர் மனைவி விஜயா அக்கா தட்டு வைத்துவிடுவார். கை கழுவியதும் மனிதர் மறுபடி கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவார். அதற்கப்புறம் அவர் இந்த ஊரில் இல்லை.

அந்த கேமுக்கு நீளமாக ஒரு இங்கிலீஷ் பெயர் உண்டு. எனக்கும் இங்கிலீஷுக்கும் பத்தாவதிலேயே தகராறு ஆகிவிட்டதால், ஏரி கேம் என்றே சொல்கிறேன். கத்தி, மந்திரம், ராட்சசன் எல்லாம் இருக்கிறது. ஆனால் இவருக்கு வேண்டியது அதிலுள்ள ஏரி. கண்ணுக்கு எட்டிய மட்டும் தண்ணீர், கோரைப்புல், புல்லின் தலையில் பனி. துடுப்புச் சத்தம் கேட்க வேண்டும் என்று ஃபேனை நிறுத்திவிடுவார். ஜன்னலுக்கு வெளியே ஏகாம்பரநாதர் கோபுரத்துக்குக் கிளிகள் திரும்பிக்கொண்டிருக்கும். மணி அடிப்பது கோயிலிலா, அந்த ஏரிக்கரையிலா என்று ஒரு நொடி எனக்கே குழம்பும். இவருடைய வீரன் கரையில் சும்மா நின்றுகொண்டிருப்பான்.

"இன்னாணா, ஆளு நின்னுக்கினே தூங்கிட்டானா?"

"தண்ணி பாத்துக்கினு இருக்கான். உனக்கின்னா?"

அந்த வீரனுக்கும் அந்த ஊர்ச் சூரியன் மறைவதற்குள் ரொட்டி கொடுத்துவிடுவார். ஓநாய் வந்தால் அதற்கும் ரொட்டி. கொள்ளைக்காரன் வந்தால் பேச்சு. கேமில் அதற்கு வழி இருந்தது: என்ன பேசலாம் என்று நாலு வரி வரும், சரியானதைத் தேர்ந்தெடுத்தால் அவன் கத்தியைக் கீழே போட்டுவிடுவான். இப்படியே பேசிப் பேசிக் கடைசி ராட்சசனையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். கணக்குப் பக்கம் என்று ஒன்று உண்டு. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. கொன்ற உயிர்கள்: 0. தினம் உட்கார்ந்ததும் முதலில் அதைத் திறந்து பார்ப்பார். சிலர் பர்ஸில் வைத்திருக்கும் சாமி படத்தைப் பார்ப்பது மாதிரி.

கதை முழுக்க அவரோடு வந்தவள் ஈலா என்ற ஓடக்காரி. கதை முடியும்போது அவள் தனியாகப் பனிக்குள் ஓடத்தைத் தள்ளுகிறாள். 'அக்கரையில் இருப்பேன், வா' என்கிறாள். ஏன் போனாள், அக்கரை எங்கே, ஒன்றும் சொல்லவில்லை. இவர் ஒரு வருஷம் காத்திருந்தார். பிறகு கம்பெனிக்காரர்கள் அதே கதைக்குச் சின்னச் சின்னத் தொடர்ச்சிகளாக வெளியிட ஆரம்பித்தார்கள். பெங்களூர் மைத்துனர் கார்டில் வாங்கிக் கொடுப்பார், இங்கே அது நெட்டில் மூன்று நாள் சொட்டுச் சொட்டாக இறங்கும். அந்த மூன்று நாளும் ஒயர் பக்கம் யாரும் துடைப்பத்தோடு போகக்கூடாது.

"நானா, அந்த ஓடக்காரியா, ஒண்ணு சொல்லிடு" என்பார் விஜயா அக்கா.

"அவ வரட்டும்மா, உனக்கும் புடிக்கும். நல்ல பொண்ணு."

முதல் தொடர்ச்சி நாற்பதே நிமிஷம். ஈலா இல்லை. ஒரு குகை இருந்தது. பழைய கதையில் வந்த குகையையே இடவலமாகத் திருப்பி வைத்திருந்தார்கள். கட்டம் கட்டமாக உலகத்தைப் பார்க்கிறவரிடமா இந்த வேலை? "பழைய கிராஃபையே கவுத்துப் போட்டுட்டான்பா. நான் இத்த மாதிரி குடுத்தா கடைக்காரன் மூஞ்சிலயே அடிப்பான்." இரண்டாவதில் பனிமலை வந்தது. ஒரு கல்லில் ஈலாவின் பெயர் மட்டும் செதுக்கியிருந்தது. அந்தக் கல் முன்னால் வீரனை இரண்டு நாள் நிறுத்திவைத்தார்.

ரசிகர்கள் கூடித் திட்டும் இணையப் பக்கம் ஒன்று உண்டு. எல்லாரும் அங்கே கெட்ட வார்த்தையில் எழுதுவார்கள். இவர் 'மதிப்பிற்குரிய ஐயா' என்று இங்கிலீஷில் ஆரம்பித்து எழுதினார். எழுதியதை எனக்குத் தமிழில் சொன்னார்: "ஒடம்பு ஒருத்தன் நெய்ஞ்சிருக்கான், முந்தானை வேற எவனோ நெய்ஞ்சிருக்கான். ரெண்டும் சேர்ற எடத்துல இழை இழையா முடி போட்டுச் சேக்கணும்ல? இவனுங்க கோந்து தடவி ஒட்டி இருக்கானுங்க." பிரேசிலில் இருந்து ஒருவர், முந்தானை என்றால் என்ன என்று கேட்டிருந்தார். இவர் படம் வரைந்து அனுப்பினார். பிரேசில்காரர் உடனே ஒத்துக்கொண்டார்.

மூன்றாவதுதான் கடைசி என்று அறிவித்துவிட்டார்கள். அதில் ஈலா இருந்தாள். ஏரி நடுவில் ஒரு தீவு, தீவில் அவள் விளக்கு. இங்கிருந்து அங்கே ஒரு மரப்பாலம். பாலத்தின் வாயில் ஓர் எருமை. கொம்பில் பாசி தொங்குகிற, வீடு உயர எருமை.

ரொட்டி போட்டார். தின்றது, நகரவில்லை. புல்லாங்குழல் ஊதினார். தூங்கும் என்று காத்திருந்தார், தூங்கவில்லை. பேசுவதற்கு நாலு வரி வருமே, அது வரவே இல்லை. இந்தத் தடவை கம்பெனிக்காரர்கள் வைத்த வழி கத்தி ஒன்றுதான்.

"கத்திய எடுன்றான். நான் மாட்டேன்றேன். அதான் நின்னுக்கினு இருக்கோம்."

இரண்டு மாதம் நின்றார். மற்ற ரசிகர்கள் எப்போதோ பாலம் தாண்டி முடிவைப் பார்த்துவிட்டிருந்தார்கள். இவர் அந்த இணையப் பக்கத்துக்கே போவதை நிறுத்திவிட்டார். அந்த நாட்களில் அவர் போட்ட கரைகளை உற்றுப் பார்த்தால், அன்னத்துக்கும் மாங்காய்க்கும் நடுவே, யாரும் கேட்காத சின்ன விளக்கு ஒன்று இருக்கும்.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும். மௌஸுக்கு அடியில் டேப் ஒட்டியது, கீபோர்டில் இரண்டு எழுத்தை இடம் மாற்றியது, எல்லாம் நான்தான். அதையெல்லாம் அவர் கண்டுபிடித்ததே இல்லை என்று நம்பிக்கொண்டிருந்தேன். போன மாதம் அவரும் விஜயா அக்காவும் ஊருக்கு ஒரு விசேஷத்துக்குப் போனார்கள். குரங்கு வரும், ஜன்னலைப் பார்த்துக்கொள் என்று சாவியை என்னிடம் கொடுத்தார்கள். நான் ஜன்னலைப் பார்க்கவில்லை. கம்ப்யூட்டரைப் போட்டு, வீரனின் கையில் கத்தியை எடுக்க வைத்தேன்.

பன்னிரண்டாவது தடவைதான் எருமை விழுந்தது. விழும்போது தலையைத் திருப்பித் தண்ணீரைப் பார்த்தது. கேம்தான். இருந்தாலும் எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. வீரனை நடத்திக்கொண்டு போய் ஈலாவுக்கு எதிரில் நிறுத்தினேன். அவள் வாயைத் திறக்கும் முன்பே நிறுத்தி, தனியாகச் சேமித்துவைத்தேன். எருமைக்கு முன்னால் நிற்கிறபடி அவர் சேமித்திருந்த பழைய இடத்தை அழிக்கவில்லை, அவ்வளவு கெட்டவள் இல்லை நான். ஆனால் கணக்குப் பக்கத்தில் 1 என்று வந்துவிட்டதே. என் நெற்றியில் இருந்த ஸ்டிக்கர் பொட்டு கறுப்பு, சுற்றி வட்டமாக வெள்ளைக் கல். எடுத்து அந்த ஒன்றின் மேல் ஒட்டினேன். அசல் பூஜ்யம்.

மறுநாள் சாயங்காலம் வந்து சேர்ந்தார்கள். "இன்னாடி தேவகி, நெத்தி காலியா இருக்குது?" என்றார் விஜயா அக்கா. குளிக்கும்போது விழுந்துவிட்டது என்றேன்.

அவர் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்ததும் ஆரம்பித்தேன். "அண்ணா, கம்பெனிக்காரன் இன்னாவோ புதுசா அனுப்பி இருக்கான்போல. தானா எறங்கிச்சு. மாடு ஓரமா போயிடுச்சு, பாரேன்."

"அப்டியா? நல்ல மாடு."

வழக்கம்போலக் கணக்குப் பக்கத்தைத் திறந்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். என்னையும் ஒரு தரம் பார்த்தார். பிறகு எழுந்துபோய் ஃபேனை நிறுத்திவிட்டு வந்தார்.

ஈலா விளக்கைத் தூக்கிப் பிடித்தாள். 'வந்துவிட்டாயா? நான் சரியாகத்தான் இருக்கிறேன். திரும்பிப் போ' என்றாள். அவ்வளவுதான். திரை இருண்டு, செய்தவர்களின் பெயர்கள் மேலே போக ஆரம்பித்தன. கிளிகள் கத்தின. கடைசிப் பெயரும் போனதும் அவர் என் பக்கம் திரும்பினார்.

"இதுக்கா ஒரு உசுர எடுத்த?"

குரலில் கோபம் இருந்திருந்தால் ஓடியிருப்பேன். அவர் பழைய இடத்தைத் திறந்தார். பாலம் வந்தது. எருமை மூச்சு விட்டுக்கொண்டு நின்றது. "பாரு, நல்லாத்தான் இருக்குது" என்றார். வீரனின் பையிலிருந்து ஒரு ரொட்டியை எடுத்து அதன் முன்னால் போட்டார். அது தின்று முடித்ததும் கணக்குப் பக்கத்துக்குப் போய், மானிட்டரில் இருந்த பொட்டை நகத்தால் மெதுவாகப் பெயர்த்தார். அடியில் பூஜ்யம் இருந்தது.

பொட்டை விரல் நுனியில் ஏந்தி என் பக்கம் நீட்டினார்.