நைனா பளபளவென்று தேய்த்த கிங் பின்

எங்கள் நைனா நாகலாபுரத்தை அடுத்த சிற்றூரில், சொந்தமாக ஒரு சென்ட் நிலம்கூட இல்லாத வீட்டில் மூத்த மகனாகப் பிறந்தார். பிறர் வயலில் கூலிக்கு உழுதே ஆளானார். எங்கள் காலனிக்கு அரசு துண்டு துண்டாகப் பட்டா கொடுத்தபோது அவருக்குத் தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. அந்தச் சின்ன வயல்களில் பெரிய டிராக்டர் இறங்கினால் வரப்பு மிஞ்சாது. அதனால் நகரியில் ஒருவர் ஓட்டிக் கழித்த குட்டி டிராக்டரை வாங்கி வந்தார். கம்பெனி அந்த மாடலை நிறுத்தி வெகுகாலம் ஆகியிருந்தது.

இளவயதில் சேற்றுக் காலோடு போனதற்காகக் கடை வாசலிலேயே நிறுத்தி வைக்கப்பட்டவர் நைனா. அதனால் பிற்பாடு ரேஷன் கடைக்குப் போவதானாலும் சவரம் செய்து, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில்தான் போவார். "மாப்பிள்ளை கெளம்பிட்டாரு" என்று அம்மா கிண்டல் செய்வார்.

போன ஆண்டு நடவுக்குச் சேறடிக்கும் நேரத்தில், டிராக்டரின் இடது முன்சக்கரத்தைத் தாங்கும் கிங் பின் தேய்ந்து சக்கரம் ஆட்டம் கண்டது. ஏரித் தண்ணீர் எங்கள் முறைக்கு வந்துவிட்டது. காலனி முழுக்க நாற்று முற்றிக்கொண்டிருந்தது. கணு வைத்த நாற்றை நட்டால் தூர் கட்டாது, அந்தப் போகமே போய்விடும். எல்லாருக்கும் "நான் ஓட்டித் தரேன்" என்று வாக்குக் கொடுத்திருந்தவர் நைனா.

சித்தூரிலும் திருப்பதியிலும் உதிரிபாகக் கடைக்காரர்கள் மாடல் பெயரைக் கேட்டதுமே கையை விரித்தார்கள். கடைசியில் திருப்பதி லேத் பட்டறைக்காரர் ஒருவர், பழைய பின்னைக் கொண்டுவந்தால் அதே அளவில் கடைந்து தருவதாகச் சொன்னார். நைனா பின்னைக் கழற்றி கிரீஸைத் துடைத்தார். அதோடு விட்டாரா? உப்புத்தாள் போட்டுச் சுற்றிலும் பளபளவென்று தேய்த்து, வெள்ளைத் துண்டில் சுற்றினார்.

"இன்னாத்துக்கு நைனா இது?" என்றேன்.

"அழுக்கோட குடுத்தா நம்மள இன்னான்னு நெனைப்பாங்க?"

பட்டறையில் கடைந்து தந்த புதுப் பின் சுத்தியலால் ஓர் அடிகூட வாங்காமல் வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று. நைனா பூரித்தார். இறுக்கமாகப் போக வேண்டியது இப்படி வழுக்குகிறதே என்று எனக்குப் பட்டது. வயலில் இரண்டாவது சுற்றிலேயே சக்கரம் பக்கவாட்டில் மடங்கி, டிராக்டர் அவரோடு வரப்பில் சாய்ந்தது. "எறங்குய்யா, எறங்கிடு!" என்று அம்மா அலறினார். இறங்கிய நைனா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"ஒன்னுமில்லமா, வாயு" என்றார்.

பக்கத்து வயல் சித்தப்பா ஓடிவந்தார். "அண்ணா, நாத்து வீணாப் போய்க்கினு கீது. பெரிய வண்டி பேசட்டா?"

"வரப்பெல்லாம் போயிடும்பா. நாளைக்கு ஒரு நாள் பொறு."

மறுநாள் கம்பெனி வேலைக்கு லீவு போட்டுவிட்டு, அதிகம் தேயாத வலது சக்கரத்துப் பின்னைக் கழற்றி நானே எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். நைனா துண்டை நீட்டினார். கிரீஸும் மண்ணுமாக அப்படியே செய்தித்தாளில் சுற்றி வைத்துக்கொண்டேன். மனிதர் முகம் சுருங்கிவிட்டது.

லேத்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். "எங்க தேஞ்சுது, எங்க தேயலன்னு இதுல நல்லா தெரியுதுமா. மொதல்ல கொண்டாந்தது கண்ணாடி மாதிரி இருந்துச்சு. அதான் தேஞ்ச அளவையே ஒரிஜினல் சைஸுன்னு நெனைச்சு கடைஞ்சிட்டேன்." இரண்டு பக்கத்துக்கும் அன்றே கடைந்து கொடுத்தார்.

மாட்டும்போது புதுப் பின் பாதி வழியில் இறுகி நின்றது. நைனா மரக்கட்டையை வைத்து அடிக்க அடிக்க, ஒவ்வோர் அடிக்கும் கொஞ்சமாக இறங்கியது. அவர் நெற்றி வியர்வை எனக்குப் பிடிக்கவில்லை. சுத்தியலைக் கேட்டேன், தரவில்லை. சக்கரம் ஆட்டமில்லாமல் நின்றது. தண்ணீர் முறை முடிவதற்குள் காலனியின் கடைசி வயல் வரை சேறடித்து முடித்தார். ஒருவர் நாற்றும் வீணாகவில்லை.

அறுவடைக்கு முன் வலி கூடியது. திருப்பதியில் மருத்துவரைப் பார்க்கப் போன அன்றும் குளித்து, சவரம் செய்து, வெள்ளைச் சட்டையில் கிளம்பினார். "நல்லாத்தான் கீறேன் சார். நேத்துலேர்ந்து கொஞ்சம் வாயு, பொண்ணுதான் பயப்படுது" என்றார். "நடவுலேர்ந்தே வலிக்குது சார்" என்று நான் குறுக்கிட்டேன். நைனா என்னை முறைத்தார். பரிசோதனைகள் முடிந்தபோது காலம் கடந்திருந்தது. வலியை மறைத்த நைனாமேல் எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை.

நைனாவின் பாடையைத் தோளில் சுமந்த காலனி உறவினர்களுக்கும், சேதி கேட்டுப் பட்டறையைப் பூட்டிவிட்டு வந்த லேத்காரருக்கும், அம்மாவைத் தனியே விடாமல் பார்த்துக்கொள்ளும் சித்தப்பா குடும்பத்துக்கும் எங்கள் வணக்கமும் நன்றியும்.

கடைசியாகக் குளிப்பாட்டி வெள்ளைச் சட்டை போட்டுக் கிடத்தியபோது நைனா அவ்வளவு அழகாக இருந்தார். நோய்வாய்ப்பட்டவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் பெரியவர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: வலித்தால் வலிக்கிறது என்று சொல்லுங்கள். எங்கள் நைனா சொல்லவில்லை.