கால் கழுவி வளர்த்த கனகாம்பரம்

போன வாரம் கண்ணைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். வராந்தாவில் ஒரு அம்மாள் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தரை துடைத்துக்கொண்டிருந்தாள். அந்த நெடி மூக்கில் ஏறியதும் எனக்குக் கனகாம்பரம் ஞாபகம் வந்துவிட்டது. கனகாம்பரத்துக்கு வாசமே கிடையாதே என்பீர்கள். எனக்கும் தெரியும். என் கனகாம்பரத்துக்கு இருந்தது.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். மேலே படித்திருந்தால் கெட்டுப்போயிருப்பேன் என்பது என் அபிப்பிராயம். இன்றைக்கு என் பனியன் கம்பெனி வாசலில் கார் நிறுத்த இடமில்லை. அறுபதுகளில் நான் சலவைப் பட்டறையில் கூலி. துணியைப் பிளீச்சிங் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு, உள்ளே இறங்கி மிதிக்க வேண்டும். திருப்பூரில் என்னைப் போல மிதிக்க ஆளில்லை. நான் மிதித்த துணி கொக்காக வெளுக்கும். பாதமும் அப்படித்தான் வெளுத்துக் கிடந்தது. கல்யாணத்தில் என் காலைக் கழுவிய மச்சான், மாப்பிள்ளை நல்ல நிறம் என்றாராம், நிமிர்ந்து பார்க்காமலே.

மனைவிக்கு ஊர் குண்டடம் பக்கம், வானம் பார்த்த பூமி. கல்யாணம் முடிந்து மாமனார் வீட்டு விருந்தில், சாப்பிட்ட வேகத்தில் ஒரு வார்த்தை விட்டுவிட்டேன். தை மாதம் கொழுந்தியாளுக்குக் கல்யாணம். பெண்ணின் தலைக்கு வேண்டிய கனகாம்பரம் முழுக்க என் வீட்டிலிருந்து வரும், கடையில் ஒரு முழம்கூட வாங்கக் கூடாது என்று.

மாமனார் மோரை ஊற்றிக்கொண்டே, “செடி இருக்குதுங்களா மாப்பிள்ளை?” என்றார்.

“வெச்சிருவனுங்க மாமா. திருப்பூருத் தண்ணி அப்பிடிங்க.”

பந்தியில் இருந்த பங்காளிகள் அத்தனை பேரும் கேட்டுக்கொண்டார்கள். திரும்பி வருகையில் பஸ்ஸில் மனைவி சொன்னது இவ்வளவுதான்: சொன்ன பூ வராவிட்டால் தங்கச்சி கல்யாணத்தில் அவளால் தலை காட்ட முடியாது.

பக்கத்து வீட்டில் தண்டு வாங்கி, வாசலோரம் பாத்தி கட்டி நட்டேன். கனகாம்பரம் முழங்காலுக்கு மேல் வளராத, அடக்கமான செடி. கொஞ்சம் ஆட்டுப்புழுக்கை, அரை நிழல், பூ முடிந்த கதிரைக் கிள்ளிவிட ஒரு கை, இவ்வளவு போதும்; வருஷக்கணக்கில் பூக்கும். தண்ணீர்தான் வேண்டும். நாங்கள் குடியிருந்த லைன் வீட்டில் தண்ணீர் என்றால் தெருக்குழாயில் வரிசையில் நின்று பிடித்த குடம். கால் கழுவாமல் வீட்டுக்குள் போகவும் முடியாது. ஆகவே சாயங்காலம் பட்டறையிலிருந்து வந்ததும் பாத்திக்குள்ளேயே நின்று கால் கழுவினேன். மிதிக்கும்போது கட்டியிருந்த வேட்டியையும் அங்கேயே பிழிந்தேன். காலுக்கும் ஆச்சு, செடிக்கும் ஆச்சு. இந்த யோசனையெல்லாம் படித்தவனுக்கு வராது.

பத்து நாளில் இலை ஓரம் கருகியது. தண்ணீர் போதவில்லை என்று இன்னும் இரண்டு சொம்பு விட்டுக் கழுவினேன். செத்தது. மறுபடி நட்டேன், மறுபடி செத்தது. கண்ணேறு என்று முடிவு செய்து, குச்சி நட்டு ஒரு பழைய செருப்பைக் கட்டித் தொங்கவிட்டேன். என் பட்டறைச் செருப்புத்தான். மழை பெய்தது. செருப்புக்கு நேர்கீழே இருந்த செடி முதலில் போனது.

புரட்டாசியில் மிச்சம் நாலு செடி. நான் சொம்பை எடுத்துக்கொண்டு பாத்தியில் இறங்கும்போது, வாசற்படியில் உட்கார்ந்திருந்த மனைவி சொன்னாள்:

“ஏனுங்க, சாகறதெல்லாம் நீங்க நிக்கற எடமாவே இருக்குதுங்க.”

“நிக்காம எப்பிடிக் கால் கழுவறது?”

“ஆத்துல நின்னு கழுவிப்போட்டு வாங்க. எங்கப்பன்கிட்டத் தண்ணியப் பத்திப் பேசுனது நீங்கதானுங்க.”

இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள், யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு நொய்யல் ஆற்றில் இறங்கிக் கழுவினேன். அப்படியும் பட்டறை ஆட்கள் பார்த்துவிட்டுக் கேட்டார்கள். உடம்புச் சூட்டுக்கு நல்லது என்றேன். மறுநாளிலிருந்து அவர்களுக்கும் சூடு வந்துவிட்டது.

அவள் பாத்தி மண்ணை ஒரு முழ ஆழம் வெட்டிக் கொட்டினாள். புது மண் போட்டு, இருந்த நாலிலிருந்து தண்டு ஒடித்து நட்டு, அரிசி கழுவின தண்ணீர் ஊற்றினாள். மார்கழியில் கதிர் விட்டது. தையில் கொழுந்தியாள் தலையில் எங்கள் வீட்டுப் பூ, ஏழு முழம். மாமனார் அதை ஒருமுறை பார்த்தார்.

“தண்ணி நல்ல தண்ணிதானுங்க மாப்பிள்ளை.”

ஆமாங்க என்று அந்தப் பெருமையை முழுசாக வாங்கி வைத்துக்கொண்டேன். பக்கத்தில் நின்ற மனைவி, தங்கச்சி தலையில் பூவைச் சரிசெய்துகொண்டிருந்தாள். மண்ணை வெட்டிக் கொட்டியது யார் என்று இன்றுவரை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

பாத்தி இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. அது போகட்டும். அதன்பிறகு நாங்கள் எல்லோரும் ஆற்றில்தான் கழுவினோம். முதலில் காலை; அப்புறம் தொட்டியை; நான் முதலாளியான பிறகு பட்டறை முழுவதையும். செடியென்றால் பத்து நாளில் கருகிக் காட்டிவிடும். நொய்யல் அப்படி அவசரப்படவில்லை. நின்று கால் கழுவின அந்தத் துறைப் பக்கம் போனால், மழைநாளில் நுரை போகிறது. நான் இறங்குவதில்லை. இறங்கினால் வீட்டுக்கு வந்து கால் கழுவ வேண்டியிருக்கும்.