வால் வெட்டிய எண்கள்

சேலத்தில் ஒரு நாளிதழில் பல வருடம் உதவி ஆசிரியராக இருந்தேன். அந்தப் பதிப்பை மூடிய பிறகு, ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட் அலுவலகத்தில் கடிதப் போக்குவரத்தைப் பார்க்கும் வேலை கிடைத்தது. காபியும் மிளகும் இணையதளம் வழியாகவும் விற்கிற எஸ்டேட் அது. தளம் ஓடும் சர்வரை ஒரு பெண் கவனித்துக்கொண்டாள். முப்பது வயது இருக்கும். மஞ்சக்குட்டையிலிருந்து ஷேர் ஜீப்பில் வருவாள். அவளுடைய அம்மா அதே எஸ்டேட்டில் பழம் பறிக்கிறவர். கம்ப்யூட்டர் படித்துவிட்டு மலையிறங்காமல் வேலை பார்த்தவள், எனக்குத் தெரிந்து, அவள் ஒருத்திதான்.

எங்களிடம் மொத்தமாக வாங்கும் வெளிநாட்டு நிறுவனம் ஒன்று, தளத்தில் பாதுகாப்பு ஓட்டைகள் உண்டா என்று ஸ்கேனர் என்ற மென்பொருளை வைத்துச் சோதித்தது. அறிக்கையில் பதினோரு இடத்தில் சிவப்பு. இரண்டு வாரத்தில் சரிசெய்யச் சொன்னார்கள்.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். "அந்தப் புள்ளைகிட்டச் சொல்லிருங்க சார். பச்சையா வரலீன்னா நான் வேற ஆளப் பாத்துக்கறேன்."

அதை அவளிடம் சொன்னது நான்தான். அறிக்கையைப் புரட்டிவிட்டுச் சிரித்தாள்.

"இது உள்ளயே வரலீங்க சார். வாசல்ல நின்னு போர்டப் படிச்சுட்டுப் போயிருக்குது."

பிறகு விளக்கினாள். வெளியிலிருந்து ஒரு பக்கத்தைக் கேட்டால், சர்வர் அதோடு தன் மென்பொருளின் பெயரையும் பதிப்பு எண்ணையும் சேர்த்து அனுப்புகிறது. ஸ்கேனர் அந்த எண்ணை எடுத்து, எந்தப் பதிப்பில் என்ன ஓட்டை என்று தன்னிடம் இருக்கும் பட்டியலோடு ஒப்பிடுகிறது. எண் பழையது என்றால் சிவப்பு. ஓட்டை உண்மையிலேயே இருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பது அபூர்வம். ஆனால் எங்கள் சர்வரின் இயங்குதளத்தைத் தயாரிக்கிறவர்கள், பதிப்பை மாற்றினால் மற்றவை கெடும் என்று, திருத்தங்களைப் பழைய பதிப்புக்குள்ளேயே சேர்த்துவிடுகிறார்கள். முன் எண் அப்படியே இருக்கும். திருத்தம் போட்டதற்கு அடையாளம், எண்ணுக்குப் பின்னால் ஒரு சிறு கோடு போட்டு வரும் நீளமான வால். சர்வர் வெளியே அறிவிப்பது முன் எண்ணை மட்டும்.

அந்தத் திருத்தங்களை அவள் ஒவ்வொரு திங்களும் போட்டுவந்தாள். சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு அலுவலகம் விடுமுறை விட்டிருந்த நாளிலும் வந்து போட்டுவிட்டுத்தான் மேலே போனாள்.

"அந்த எண்ணச் சொல்லாம வுட்டுட்டா?" என்றேன்.

"வுடலாமுங்க, ரெண்டு வரி வேலை. ஆனா கேள்வி கேட்டதுக்கப்பறம் வாயப் பொத்திக்கிட்ட மாதிரி ஆயிருமுங்க. நம்மகிட்டத்தான் பதில் இருக்குதுங்களே."

ஏழு பக்கப் பதில் தயாரித்தாள். ஒவ்வொரு சிவப்புக்கும், எங்கள் சர்வரில் இருக்கும் முழு எண், திருத்தம் போட்ட தேதி. ஆங்கிலத்தைச் சரிபார்த்து அனுப்பச் சொல்லி என்னிடம் கொடுத்தாள்.

நான் சரிபார்த்தேன். ஏழு பக்கத்தை இரண்டாக்கினேன். எழுத்தும் எண்ணும் கலந்த அந்த வால்கள் அட்டவணையின் கட்டத்துக்குள் அடங்காமல் அடுத்த வரிக்கு மடிந்தன. பார்க்க அசிங்கமாக இருந்தது. பதினோரு இடத்திலும் வெட்டினேன். அனுப்பும் முன் அவளிடம் காட்டவில்லை. வெட்டியதை நிருபரிடம் காட்டும் வழக்கம் எங்கள் நாளிதழ் மேஜையில் கிடையாது.

மூன்றாம் நாள் பதில் வந்தது. பழைய பதிப்புதான் இருக்கிறது என்று நீங்களே ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள், விளக்கம் ஏற்கப்படவில்லை.

அவள் என் கடிதத்தின் நகலை வாங்கிப் படித்தாள்.

"ஏனுங்க சார், வாலெல்லாம் எங்கீங்க?"

"நீளமா இருந்துச்சும்மா."

"அதுதானுங்க பதிலே. மத்ததெல்லாம் வெறும் கவருங்க."

அன்றே முழு எண்களோடு திருத்தக் கடிதம் அனுப்பினேன். அதற்குள் முதலாளி சேலத்திலிருந்து ஒரு கன்சல்டன்டை வரவழைத்துவிட்டார். அவர் முதலாளி வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்து அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்து, சர்வர் தன் எண்ணைச் சொல்லாதபடி செய்தார். பக்கம் கிடைக்காதபோது வரும் பிழைச் செய்தியிலிருந்தும் எண்ணை எடுத்தார். வேறெதையும் தொடவில்லை. மறுபடி ஸ்கேன் செய்யச் சொன்னோம். ஒரு சிவப்பும் இல்லை. அறிக்கை சுத்தமாக இருப்பதால் என் திருத்தக் கடிதத்தைப் பரிசீலிக்கத் தேவை எழவில்லை என்று பிறகு எழுதினார்கள்.

"ஒரு மணி நேரத்து வேலை. இந்தப் புள்ள நொம்ப நாளா இழுத்துட்டு இருந்திருக்குது பாருங்க" என்றார் முதலாளி.

"தப்பு என்னுதுங்க. நான்தான் வெட்டினேன்."

"யாரு வெட்டுனா என்னங்க சார்? முடிஞ்சுதில்ல?"

மாதக் கடைசியோடு அவளை நிறுத்தினார்கள். சாவியை என் மேஜையில் வைத்தாள். "போர்டக் கழட்டி வெச்சுட்டாரு. நல்ல கெட்டிக்காரருங்க" என்றாள். அவள் போனால் நானும் போகிறேன் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மலையில் எனக்கும் வேறு வேலை இல்லை.

நான்கு மாதம் கழித்துப் போன் செய்தாள். சேலத்தில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறாளாம்.

"சார், என்ற பாஸ்வேர்ட இன்னும் மாத்தலீங்க. இன்னைக்குப் போட்டுப் பாத்தேன், உள்ள வுடுது. நான் வேலைய விட்டு வந்தப்பறம் ஒரு அப்டேட்டும் போடலீங்க. நானும் போடலீங்க, போட்டா அது வேற தப்பாயிரும். மாத்தச் சொல்லுங்க. நாளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா என்ற பேரத்தான் சொல்லுவாங்க."

முதலாளியிடம் சொன்னேன். ரிப்போர்ட் பச்சையாகத்தானே வருகிறது என்று கேட்டார். வருகிறது, அந்த வெளிநாட்டு நிறுவனம் மாதாமாதம் ஸ்கேன் செய்து அனுப்பும் அறிக்கையில் நான்தான் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்புகிறேன். கன்சல்டன்டைக் கூப்பிட்டேன். மே மாத சீசனுக்குக் குடும்பத்தோடு வருவாராம், அப்போது மாற்றிவிடுவதாகச் சொன்னார். அப்போது தை மாதம். அதை அவளுக்குப் போனில் சொன்னேன்.

"அதுவரைக்கும் நான் பயந்துட்டே இருக்கோணுமாக்கும்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் வைத்துவிட்டாள்.