எட்டடி தூரத்துக்கு ஒரு மெமோ

போன வாரம் எங்கள் காலேஜில் தராசுகள் மக்கர் செய்தன. மளிகைக்கடைத் தராசு இல்லை – கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கும் கெமிஸ்ட்ரி தராசு. முள் ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. திங்கட்கிழமை பையன்களுக்கு பிராக்டிகல் பரீட்சை. இந்த யுத்த காலத்தில் சீமையிலிருந்து புதிது வரவழைக்க முடியுமா?

எங்கள் புரொபசர் மயிலாப்பூர்க்காரர். சீமையில் பட்டம் வாங்கியவர். எல்லாத் திருகுகளையும் திருகிப் பார்த்து ஓய்ந்துவிட்டார். விஷயம் தெரிந்தவர் டெமான்ஸ்ட்ரேட்டர் அருளப்பன் ஒருவர்தான். புரொபசர் நாற்காலிக்கும் அவர் ஸ்டூலுக்கும் எட்டடி தூரம். ஆனால் எங்கள் டிபார்ட்மெண்டில் ஒரு சம்பிரதாயம்... நாற்காலிக்காரர்கள் ஸ்டூல்காரர்களிடம் வாயால் எதையும் கேட்பதில்லை. மெமோதான். அதுவும் பிரின்சிபால் ஆபீஸைச் சுற்றிக்கொண்டு வரும்!

"தராசுகளின் நிலை குறித்து உடனே விளக்கவும்" என்று மெமோ போயிற்று. மறுநாள் பதில் வந்தது: "தராசுகள் மேஜைமேல் உள்ளன."

"நேரே கேட்டுடலாமே சார்?" என்றேன். நானும் நாற்காலிதான், கடைசி நாற்காலி.

"நானா? அவன்ட்ட போய் நின்னுண்டு கேக்கறதா? நன்னாருக்கே! அப்பறம் என்னை எவன் மதிப்பான்?"

சரி, பையன்கள் கதி? சனிக்கிழமை சாயங்காலம் சாந்தோமில் அருளப்பன் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி கொடுத்த காப்பியைக் குடித்தேன். பெண்ணுக்கு ஜுரம் விட்டதா என்று விசாரித்தேன். அவ்வளவுதான் என் சாமர்த்தியம். தராசுப் பேச்சை அருளப்பனே எடுத்தார்.

"இன்னா சார் பிரமாதம்? எல்லாம் கடல் காத்து. பெட்டிக்குள்ள ஈரம் இழுக்க உப்பு வெச்சுக்கீறோமே, அது கசிஞ்சு தண்ணியா கீது. நல்லா வறுத்துப் போட்டுட்டு, தட்டைத் தொடைச்சுடுங்க. முள்ளு நின்னுடும்."

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?"

"ஏழு வருசமா பக்கத்துலதான் கீறேன். ஒரு தபா 'சௌக்கியமா அருளப்பன்'னு கேட்டுக்கீறாரா?"

கடல் தாண்டிப் படித்தவருக்கு எட்டடி தாண்டத் தெரியவில்லை. நம் காலேஜ்களில் அறிவுக்குப் பஞ்சமே இல்லை சார். 'சௌக்கியமா' என்ற வார்த்தைக்குத்தான் ரேஷன்!

திங்கட்கிழமை விடிந்ததும் ஓடிப்போய் உப்பை வறுத்தேன். முள் நின்றது. பரீட்சையும் நல்லபடியாக நடந்தது.

"பேஷ்! எப்படி ஓய் கண்டுபிடிச்சீர்?" என்று புரொபசர் எல்லோர் எதிரிலும் என் முதுகில் தட்டினார்.

அருளப்பன் பெயரைச் சொல்ல வேண்டியதுதானே? வாய் வரவில்லை. "ஏதோ... அனுபவம் சார்" என்றேன். இப்போது எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

அருளப்பன் ஸ்டூலை விட்டு எழுந்துவந்து எனக்குக் கை கொடுத்தார்.

"இன்னிக்குத்தான் சார் நீங்க புரொபசர் ஆனீங்க."